உடையும் முன் சொல்பவர்கள்

1991 ஆகஸ்ட் 23. நார்வேயின் ஸ்டவாங்கர் நகரத்தை ஒட்டிய காண்ட்ஸ்ஃபியோர்டு கடற்கழியில், மலை போன்ற ஒரு கான்கிரீட் கட்டமைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அதன் பெயர் ஸ்லைப்னர் ஏ. வட கடலில் 82 மீட்டர் ஆழத்தில் தரையில் ஊன்றி நின்று, எரிவாயு எடுக்கும் தளத்தைத் தலையில் தாங்க வேண்டிய அடிப்பகுதி அது. 24 அறைகளை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியிருந்தார்கள். மேலே ஏறப்போகும் தளத்தின் எடை மட்டும் 57,000 டன். அந்தத் தளத்தை மிதக்கவிட்டுக் கொண்டுவந்து பொருத்த வேண்டுமென்றால், அடிப்பகுதி முதலில் ஆழமாக அமிழ வேண்டும். அன்றைக்கு நடந்தது அதற்கான ஒத்திகை.

சுவரை நெருக்கிய நீரழுத்தம் சுமார் 65 மீட்டர் ஆழத்துக்குச் சமமாக ஏறியபோது உள்ளே எங்கோ பெரும் ஓசை கேட்டது. தண்ணீர் பாய்ந்து வரத் தொடங்கியது. பம்புகள் ஈடுகொடுக்கவில்லை. மேலே இருந்தவர்கள் தப்பிவிட்டார்கள். கட்டமைப்பு சற்று நேரத்துக்கெல்லாம் மூழ்கிப்போனது. கடலடியில் அது மோதி நொறுங்கிய அதிர்வு ரிக்டர் அளவில் 3.0 என்று பதிவானது. நட்டம் சுமார் 70 கோடி டாலர்.

கான்கிரீட் தரமாகத்தான் இருந்தது. கடலும் அமைதியாகத்தான் இருந்தது. தவறு கணக்கில் நடந்திருந்தது. மூன்று அறைகள் சேரும் இடத்தில் முக்கோணமாக ஓர் இடைவெளி விழும். அதற்குள் கடல்நீர் நிற்கும். அதன் சுவர்களில் வரும் விசையை ஃபைனைட் எலிமென்ட் முறையில் கணித்திருந்தார்கள். கட்டமைப்பு முழுவதையும் சிறுசிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் சமன்பாடு எழுதி, எல்லாவற்றையும் சேர்த்துக் கணினியில் தீர்ப்பதுதான் அந்த முறை. சரியாக அந்த மூலையில் துண்டுகள் பெரிதாகவும் கோணலாகவும் அமைந்துவிட்டன. சுவரை வெட்டும் திசையில் வரும் விசை, உண்மையில் இருந்ததைவிட 47 சதவீதம் குறைவாகக் காட்டப்பட்டது. அந்த எண்ணை நம்பிச் சுவரின் கனத்தைத் தீர்மானித்தார்கள். அங்கே கம்பிகளின் பிடிமானமும் போதவில்லை.

பயன்படுத்திய மென்பொருள் நாஸ்ட்ரான். நாசா தன் விண்கலங்களுக்காக 1960களில் எழுதவைத்து, பிறகு உலகமெங்கும் பரவிய மென்பொருள். கொடுத்த துண்டுகளுக்கு அது சரியாகவே கணக்குப் போட்டது. விபத்துக்குப் பிறகு அதே மூலையை நுணுக்கமாகப் பிரித்து மறுபடி கணக்கிட்டபோது, சுவர் 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று விடை வந்தது. உடைந்ததோ 65 மீட்டரில்.

அப்படியானால் விபத்தை முன்கூட்டியே சொல்லும் அறிவு அப்போதே இருந்திருக்கிறது. கையில் கருவியும் இருந்தது. அந்த மூலையை ஒருவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும், அது மட்டும்தான் நடக்கவில்லை. திண்ம விசையியல் என்ற இந்தத் துறையைப் பற்றி நம் பொறியியல் மாணவர்களிடமும், அவர்களை லட்சக்கணக்கில் செலவழித்துப் படிக்கவைக்கும் பெற்றோரிடமும் சொல்ல வேண்டிய முதல் செய்தி இதுதான் என்று நினைக்கிறேன். மென்பொருளை இயக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அது தரும் விடையைச் சந்தேகிக்கத் தெரிந்தவர்கள் எப்போதும் குறைவு. வேலையின் மதிப்பு முழுவதும் அந்தச் சந்தேகத்தில் இருக்கிறது.

மூன்றாவது சமன்பாடு

திண்மப் பொருள்கள் விசைக்கு எப்படி வளைகின்றன, நீள்கின்றன, உடைகின்றன என்று படிப்பது திண்ம விசையியல். கல்லூரிகளில் ‘சாலிட் மெக்கானிக்ஸ்’ என்றால்தான் எல்லோருக்கும் புரியும். பாலம், டர்பைன் இதழ், இடுப்பு மூட்டு மாற்று, கைபேசிக் கண்ணாடி என்று எதை எடுத்தாலும் கணக்கு மூன்று பகுதிகளால் ஆனது. முதலாவது, விசைகளின் சமநிலை. இரண்டாவது, வடிவம் எவ்வளவு மாறுகிறது என்ற வடிவியல். இந்த இரண்டிலும் சர்ச்சைக்கு இடமில்லை. 1820களில் பிரான்சின் கோஷி, பொருளுக்குள் ஓரலகுப் பரப்பில் வரும் விசையான தகைவு என்ற கருத்துக்குக் கணித உருவம் கொடுத்த பிறகு, அடிப்படை அப்படியேதான் இருக்கிறது.

மூன்றாவது, பொருளின் குணம். இவ்வளவு வடிவ மாற்றத்துக்கு, அதாவது திரிபுக்கு, இந்தப் பொருள் இவ்வளவு தகைவைக் காட்டும் என்று சொல்லும் சமன்பாடு. இதை இயற்கை நமக்கு எழுதித் தரவில்லை. மனிதர்கள்தான் சோதித்துப் பார்த்து எழுதுகிறார்கள். பள்ளியில் படிக்கும் ஹூக் விதிகூட, சிறிய திரிபுகளுக்கு மட்டும் பொருந்தும் ஒரு தோராயம். எஃகைக் கொஞ்சம் அதிகமாக இழுத்தால் அது நிரந்தரமாக நீண்டுவிடும். வேகமாக இழுத்தால் வேறு மாதிரி எதிர்க்கும். சூடாக்கி இழுத்தால் இன்னொரு மாதிரி. ரப்பர், எலும்பு, மண், தோல், கான்கிரீட் ஒவ்வொன்றுக்கும் தனிச் சமன்பாடு வேண்டும். மெட்டீரியல் மாடலிங் என்ற ஆராய்ச்சித் துறை முழுவதும் இந்த மூன்றாவது சமன்பாட்டுக்குள் குடியிருக்கிறது.

இதை எழுதுவது ஏன் இவ்வளவு கடினம்? பொருளுக்கு ஞாபகம் உண்டு. நேற்று அதற்கு நடந்தது இன்றைய அதன் நடத்தையை மாற்றிவிடுகிறது. இதற்கு காமெட் விமானத்தைவிட நல்ல சாட்சி கிடையாது.

உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானம் பிரிட்டனின் டி ஹாவிலாண்ட் காமெட். 1954 ஜனவரி 10 அன்று ஒரு காமெட் இத்தாலியின் எல்பா தீவுக்கு அருகே வானத்திலேயே சிதறியது; 35 பேர் இறந்தனர். ஏப்ரல் 8 அன்று இன்னொன்று நேப்பிள்ஸ் அருகே விழுந்தது. 21 பேர் பலி. முதல் விமானம் 1,290 தடவையும், இரண்டாவது 900 தடவையும் பறந்திருந்தன. ஒவ்வொரு பறப்பிலும் பயணிகள் அறைக்குள் காற்றழுத்தம் ஏறி இறங்கும். உடலின் உலோகத் தகடு ஒருமுறை விரிந்து சுருங்கும். ஃபார்ன்பரோவில் இருந்த அரசு ஆய்வகம் வேறொரு காமெட்டை முழுசாகத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, உள்ளே தண்ணீரை நிரப்பி, அழுத்தத்தை ஏற்றி இறக்கிச் சோதித்தது. காற்றை அடைத்தால் உடையும்போது வெடிக்கும், தடயம் அழியும். தண்ணீர் அப்படி விரியாது என்பதால் இந்த ஏற்பாடு. முன்பு பறந்ததையும் சேர்த்து 3,057ஆவது சுற்றில் உடல் கிழிந்தது. விரிசல் சன்னலின் மூலையில் தொடங்கியிருந்தது.

சதுர சன்னல்தான் காரணம் என்று இன்றுவரை சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. டி ஹாவிலாண்ட் நிறுவனமும் விமானம் பறக்கும் முன்பே இந்தச் சோதனையைச் செய்திருந்தது! அவர்களுடைய சோதனை உடற்பகுதி சுமார் 16,000 சுற்றுகளைத் தாங்கியது. அந்த நம்பிக்கையில்தான் விமானங்கள் பறந்தன. பிறகு எப்படி 900 பறப்பிலும் 1,290 பறப்பிலும் உடைந்தன?

நிறுவனத்தின் சோதனைத் துண்டு, சுற்றுகளைத் தொடங்கும் முன் வலிமைச் சோதனைக்காக வழக்கமான அழுத்தத்தைப்போல இரண்டு மடங்கு வரை ஏற்றப்பட்டிருந்தது. அப்போது சன்னல் மூலைகளில், தகைவு குவிந்த சிறு இடத்தில் மட்டும் உலோகம் தன் எல்லையைத் தாண்டி நிரந்தரமாக நீண்டுவிட்டது. அழுத்தத்தை இறக்கியதும் சுற்றியிருந்த தகடு பழைய அளவுக்குத் திரும்ப முயன்று, நீண்டுபோன அந்த மூலையை நாலாபுறமும் நெருக்கியது. அந்த நெருக்கம் உள்ளேயே தங்கிவிட்டது. அதன் பிறகு வந்த ஒவ்வொரு இழுவையும் முதலில் அந்த நெருக்கத்தைக் கழித்துக்கொண்டுதான் மூலையை இழுத்தது. விரிசல் பிறக்கத் தாமதமானது. சோதிப்பதற்காகக் கொடுத்த பெரிய சுமையே சோதனைத் துண்டைப் பலப்படுத்திவிட்டது. பயணிகள் ஏறிய விமானங்களுக்கு அவ்வளவு பெரிய சுமை கொடுக்கப்படவில்லை.

இதை எந்த மாணவரும் ஒரே தகட்டில், ஒரே துளையில், தாளில் போட்டுப் பார்க்க முடியும். நிரந்தர வளைவைக் கணக்கில் சேர்க்காத மாடலில் இந்த விளைவு தலைகாட்டவே காட்டாது. மூன்றாவது சமன்பாட்டில் எதைச் சேர்க்கிறோம், எதை விடுகிறோம் என்பதில்தான் மனித உயிர்கள் இருக்கின்றன என்று சொன்னால் அதில் மிகை இல்லை.

கண்ணாடி இழையிலிருந்து அணு வரை

விரிசல்களைப் பற்றிய அறிவியலும் அதே ஃபார்ன்பரோவில் பிறந்ததுதான். முதல் உலகப் போர் முடிந்த சமயம், அங்கே வேலை பார்த்த ஏ.ஏ. கிரிஃபித் கண்ணாடியை எடுத்துக்கொண்டார். அணுக்களுக்கு இடையிலான பிணைப்பை வைத்துக் கணக்கிட்டால் கண்ணாடி எவ்வளவோ வலுவாக இருக்க வேண்டும். நடைமுறையில் அதில் ஒரு சிறு பங்கு சுமைக்கே உடைந்துவிடுகிறது. கண்ணாடியை மெல்லிய இழையாக இழுத்துச் சோதித்தார். இழை மெலியமெலிய வலிமை கூடியது. உள்ளே இருக்கும் நுண்ணிய விரிசல்கள்தான் பலவீனத்துக்குக் காரணம் என்றார். விரிசல் முன்னேறும்போது பொருளில் சேர்ந்திருந்த ஆற்றல் விடுபடுகிறது. புதிய மேற்பரப்பை உண்டாக்க ஆற்றல் செலவாகிறது. விடுபடுவது செலவை மிஞ்சும் கணத்தில் விரிசல் ஓடத் தொடங்கும். 1921இல் வெளியான அந்தக் கட்டுரையை அப்போது பொறியாளர்கள் அதிகம் பொருட்படுத்தவில்லை.

1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லாண்டில், ஸ்கெனெக்டடி என்ற புத்தம்புதிய எண்ணெய்க் கப்பல் அமைதியான தண்ணீரில் துறையோரம் நின்றபடியே இரண்டாக ஒடிந்தது. போர்க்காலத்தில் அவசரமாக வெல்டு செய்து கட்டிய கப்பல்கள் பல இப்படி விரிசல் கண்டன. அதன் பிறகுதான் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் ஜார்ஜ் இர்வின் கிரிஃபித்தின் கருத்தை எஃகுக்குப் பொருந்தும்படி வளர்த்தெடுத்தார். ஒவ்வொரு சுற்றிலும் விரிசல் எவ்வளவு நீளும் என்ற விதியைக் கண்டறிந்தவர் பால் பாரிஸ். இன்று உலகின் எந்தப் பயணிகள் விமானத்தை எத்தனை பறப்புக்கு ஒருமுறை பரிசோதிப்பது என்று முடிவுசெய்தாலும் அந்த விதியின் வழிவந்த கணக்குதான் உதவுகிறது. பாரிஸ் அந்த விதியை எழுதிய கட்டுரையை மூன்று முன்னணி ஆய்விதழ்கள் நிராகரித்தன. 1961இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சிறு சஞ்சிகையில் அது வெளியானது. ஆராய்ச்சிக்கு வர நினைக்கும் பிள்ளைகள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

உலோகம் வளைவதற்கும் இதே மாதிரி ஒரு புதிர் இருந்தது. கணக்குப்படி வரவேண்டிய வலிமையில் மிகச் சிறிய பகுதிக்கே உலோகப் படிகங்கள் வளைந்துவிடும். 1934இல் டெய்லர், ஒரோவான், பொலானி மூவரும் தனித்தனியே ஒரே விடையைச் சொன்னார்கள். அணு அடுக்குகள் ஒட்டுமொத்தமாக நகர்வதில்லை. டிஸ்லொகேஷன் என்கிற ஒரு கோடு போன்ற பிசகு படிகத்துக்குள் நகர்ந்து செல்கிறது. பெரிய பவானி ஜமக்காளத்தை இழுத்து நகர்த்தப் பாடுபட வேண்டும். ஒரு முனையில் சுருக்கம் உண்டாக்கி அதை மறுமுனைக்குத் தள்ளிக்கொண்டுபோனால் சுலபமாக நகர்ந்துவிடும். அந்தச் சுருக்கம்தான் டிஸ்லொகேஷன். அதன் ஓட்டத்தைத் தடுக்கிற எதுவும் உலோகத்தைக் கடினமாக்கும். கலப்பு உலோகங்களின் வித்தை எல்லாம் இங்கிருந்துதான் விளங்குகிறது.

இப்போது கணினியில் அணுக்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்க்க முடியும். அணு அளவு, டிஸ்லொகேஷன் அளவு, படிகத் துகள் அளவு, முழு இயந்திர அளவு என்று படிப்படியாக மாடல்களைக் கோத்து, கீழ்நிலையின் அறிவை மேல்நிலைக்குக் கொண்டுபோவதே இன்றைய ஆராய்ச்சியின் பெரிய கனவு. அந்தக் கனவுக்கு ஒரு கடுமையான தடை இருக்கிறது: காலம். அணுக் கணக்கில் ஒரு எட்டு என்பது சுமார் ஒரு ஃபெம்டோ விநாடி. நூறு கோடி எட்டுகள் வைத்தாலும் விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் நகர்ந்திருக்கும்.

இந்தத் தடையின் கனம் கல்பாக்கத்தில் நன்றாகத் தெரியும். அங்கே அமைந்துள்ள 500 மெகாவாட் அதிவேக ஈனுலையில் சூடான திரவ சோடியம் சுமார் 547 டிகிரி செல்சியஸில் எஃகுக் கலங்களோடு பழகிக்கொண்டிருக்கும். வடிவமைப்பு ஆயுள் 40 ஆண்டு. நாள்காட்டிக் கணக்கில் மூன்றரை லட்சம் மணி நேரம். அந்த வெப்பத்தில் எஃகு மிகச் சிறிய சுமைக்கும் மெல்லமெல்ல நீண்டுகொண்டே போகும். க்ரீப் என்று சொல்லப்படும் இந்த நீட்சியை அளக்க ஒரு துண்டில் சுமையைத் தொங்கவிட்டு, உலைக்குள் வைத்து, காத்திருக்க வேண்டும். 10,000 மணி நேரச் சோதனை என்றால் ஒரு வருடத்துக்கும் மேல். ஒரு லட்சம் மணி என்றால் பதினோரு வருடத்துக்கும் மேல். ஜப்பானின் தேசிய ஆய்வகத்தில் 1969இல் தொடங்கிய ஒரு சோதனை நாற்பது ஆண்டுகளைத் தாண்டி ஓடியது. தொடங்கியவர் முடிவைப் பார்த்துவிட்டு ஓய்வுபெற முடியாத சோதனை.

எல்லாவற்றுக்கும் அப்படிக் காத்திருக்க முடியாது. ஆகவே இன்னும் அதிக வெப்பத்தில், அதிக சுமையில் வேகமாகச் சோதித்து, அந்த எண்களிலிருந்து நீண்ட காலத்துக்கு நீட்டிக் கணக்கிடுகிறார்கள். அதிக வெப்பத்தில் நடப்பதும் குறைந்த வெப்பத்தில் நடப்பதும் ஒரே உள்வினையாக இருந்தால்தான் அந்த நீட்டல் செல்லும். இடையில் வினை மாறினால் கணக்கு கவிழும். அங்கே உலோகவியலாளரும் விசையியலாளரும் ஒரே மேசையில் உட்கார்ந்தாக வேண்டும். கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் இந்த வேலை பல பத்தாண்டுகளாக நடக்கிறது. தமிழ்நாட்டு இளைஞர்களுக்குச் சொந்த ஊர்ப் பக்கத்திலேயே உலகத் தரமான ஆராய்ச்சிக் கேள்விகள் கிடைக்கும் இடம் அது.

மெட்டீரியல் கார்டு எங்கிருந்து வந்தது?

வேலைவாய்ப்புக்கு வருவோம். சென்னை, பெங்களூரு, புணே நகரங்களில் மெக்கானிக்கல், சிவில், ஏரோ படித்த ஆயிரக்கணக்கானவர்கள் ‘சி.ஏ.ஈ.’ என்ற மூன்றெழுத்தில் பிழைக்கிறார்கள். கார், விமான எஞ்சின், டிராக்டர், மருத்துவக் கருவி எதுவானாலும், செய்து உடைத்துப் பார்க்கும் முன் கணினியில் உடைத்துப் பார்ப்பது அவர்கள் வேலை. புதிதாகச் சேர்பவருக்கு முதலில் கிடைப்பது மெஷ்ஷிங்: வரைபடத்தைச் சுத்தம்செய்து, சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிப்பது. சிலர் வருடக்கணக்கில் அதிலேயே நின்றுவிடுகிறார்கள். அலுப்பான வேலை என்று பலர் நொந்துகொள்வதைக் கேட்டிருக்கிறேன். ஸ்லைப்னர் மூழ்கியது ஒரு மெஷ்ஷின் மூலையில் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

கார் மோதல் கணிப்பை எடுத்துக்கொள்வோம். 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்-கேப் மதிப்பீட்டில், காரை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் நெளியக்கூடிய ஒரு தடுப்பின் மீது மோதவிடுகிறார்கள். மோதல் முழுவதும் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். கணினிக்கோ அது நெடும்பயணம். எஃகில் ஒலி விநாடிக்கு சுமார் 5,000 மீட்டர் ஓடுகிறது. 5 மில்லிமீட்டர் கட்டத்தை ஒலி கடக்கும் நேரத்தைவிடப் பெரிய எட்டு வைத்தால் கணக்கு தாறுமாறாகிவிடும். ஆகவே ஒவ்வொரு எட்டும் ஒரு மைக்ரோ விநாடிதான். மொத்தம் ஒரு லட்சம் எட்டுகள். எங்கோ ஒரு மூலையில் 1 மில்லிமீட்டர் கட்டம் ஒன்று தப்பித்து நுழைந்துவிட்டால் எட்டு ஐந்தில் ஒன்றாகிவிடும். இரவில் ஓடவிட்ட கணக்கு காலையில் முடிந்திருக்காது. அதைத் தவிர்க்க, குட்டிக் கட்டங்களுக்கு இல்லாத எடையைக் கூட்டிவைப்பார்கள். ‘மாஸ் ஸ்கேலிங்’ என்பார்கள். அளவோடு செய்தால் பாதகமில்லை. எவ்வளவு கூட்டினோம், எங்கே கூட்டினோம் என்று பார்க்காமல் விட்டால், திரையில் மோதுவது வேறொரு கார்.

பிறகு மூன்றாவது சமன்பாடு. மென்பொருளுக்குள் அது ‘மெட்டீரியல் கார்டு’ என்ற சில வரிகளாக உட்கார்ந்திருக்கும்: இந்த எஃகின் வலிமை இவ்வளவு, இவ்வளவு வேகத்தில் இழுத்தால் இவ்வளவு கூடும், இவ்வளவு நீண்டால் கிழியும். ஒரு பகுப்பாய்வாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பது. பழைய ப்ராஜெக்டிலிருந்து எடுத்தோம் என்ற பதில் எங்கும் சாதாரணமாகக் கிடைக்கும். அந்தப் பழைய ப்ராஜெக்டுக்கு எங்கிருந்து வந்தது? எந்த எஃகு, எந்தச் சோதனைக்கூடம், எந்த வேகம்? இந்தக் கேள்விகளைக் கேட்டு, தேவைப்பட்டால் சோதனைக்கு ஆள் அனுப்பி, வந்த வளைகோட்டை மாடலாக மாற்றத் தெரிந்தவர்தான் குழுவில் மெல்ல மெல்லத் தவிர்க்க முடியாதவராகிறார்.

நம் கல்லூரிகளில் பெரும்பாலானவை இதற்கு நேர்மாறான பாதையில் போகின்றன. மூன்றாம் வருடத்தில் ஒரு மென்பொருள் வகுப்பு, ஒரு சான்றிதழ், வண்ணவண்ணமாக ஒரு படம், ப்ராஜெக்ட் ரிப்போர்ட். சிவப்பாக இருக்கும் இடத்தில் தகைவு அதிகம் என்பதோடு விளக்கம் முடிகிறது. கூர்மையான உள்மூலையில் கட்டங்களைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் தகைவு எண் முடிவில்லாமல் ஏறிக்கொண்டே போகும். அது பொருளின் உண்மை கிடையாது, கணிதத்தின் விளைவு. இதை ஒருமுறையாவது தானே செய்து பார்த்த மாணவர் அந்தச் சிவப்பை மறுபடி அப்படியே நம்ப மாட்டார். இரு முனையும் தாங்கிய உத்திரத்தின் நடுவளைவைக் கையால் கணக்கிட்டு, மென்பொருளின் விடையோடு ஒப்பிடுவது அரை மணி நேர வேலை. இந்த இரண்டு பயிற்சிகளையும் கட்டாயமாக்கப் புதிய பாடத்திட்டமோ பெருஞ்செலவோ வேண்டாம். ஆசிரியர் ஒருவர் மனம் வைத்தால் போதும்.

உரிமம் வாங்க வசதியில்லை என்பதும் இப்போது பெரிய தடையில்லை. கால்குலிக்ஸ், ஃபெனிக்ஸ், அணுக் கணக்குக்கு லாம்ப்ஸ் என்று இலவசமாகவே கிடைக்கின்றன. உள்ளே எழுதியிருக்கும் நிரலையும் திறந்து படிக்கலாம். விலைகொடுத்து வாங்கும் பெட்டியைவிடக் கற்பதற்கு இவை நல்லவை என்பது என் கருத்து. ஐஐடி மெட்ராஸின் பேராசிரியர் கே. ரமேஷ் நடத்திய விரிசல் விசையியல் வகுப்புகள் என்பிடெல் தளத்தில் யாரும் பார்க்கும்படி இருக்கின்றன. தகைவைக் கண்ணால் பார்க்கவைக்கும் ஒளிமீள்மைச் சோதனைகளில் பெயர்பெற்றவர் அவர். படங்களும் சோதனைகளுமாக நகரும் அந்த வகுப்புகளை இறுதியாண்டு மாணவர் யாரும் தவறவிடக் கூடாது.

ஆராய்ச்சிக்குப் போகிறவர்கள்

ஆராய்ச்சிப் பாதை கேட் தேர்விலிருந்து தொடங்குகிறது. மெக்கானிக்கல், சிவில் தாள்களைத் தவிர, ‘எஞ்சினியரிங் சயின்சஸ்’ என்ற தாளில் சாலிட் மெக்கானிக்ஸைத் தனிப் பிரிவாகவே எடுத்து எழுதலாம். இது பல மாணவர்களுக்குத் தெரியவே தெரியாது. பெங்களூரு ஐஐஎஸ்சி, ஐஐடிகள், தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம், கல்பாக்கம், திருவனந்தபுரத்தின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் எல்லாமே இந்தப் படிப்பாளிகளைத் தேடும் இடங்கள். விக்ரம் சாராபாய் மையம் ‘ஃபீஸ்ட்’ என்ற ஃபைனைட் எலிமென்ட் மென்பொருளைத் தானே உருவாக்கியிருக்கிறது.

உதவித்தொகையைப் பற்றியும் ஒளிக்காமல் பேச வேண்டும். 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய், முதுநிலைக்கு 42,000. முனைவர் பட்டம் முடிக்க ஐந்து வருடம் ஆவது சகஜம். உடன் படித்தவர்கள் மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்து வீட்டுக் கடன் கட்டத் தொடங்கியிருக்கும் வயது அது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு, அதிலும் தங்கைக்குக் கல்யாணம், அப்பாவுக்கு மருந்து என்று பொறுப்புள்ள பிள்ளைக்கு, இந்தத் தொகையில் ஐந்து வருடம் என்பது பெரிய தியாகம். ஆர்வம் இருந்தால் போதும் என்று அறிவுரை சொல்பவர்கள் இதைப் பேசுவதில்லை. பேராசிரியர் பணியிடங்களும் குறைவு. முனைவர் பட்டம் முடித்தவர்களில் பலர் தொழில்துறை ஆய்வகங்களுக்கும் மென்பொருள் நிறுவனங்களின் தொழில்நுட்பக் குழுக்களுக்கும் போகிறார்கள். அதைத் தோல்வியாகப் பார்க்க வேண்டியதில்லை. இத்துறையில் இன்று உலகமெங்கும் புழங்கும் அபாகஸ் மென்பொருளே 1978இல் ஹிபிட், கார்ல்சன், சோரன்சன் என்ற மூன்று விசையியலாளர்கள் சேர்ந்து தொடங்கிய சிறு நிறுவனத்தில் பிறந்ததுதான்.

இங்கிருந்து கிளம்பியவர்கள் எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள் என்பதற்கு இரண்டு பெயர்கள். 1973இல் ஐஐடி மெட்ராஸில் பி.டெக். முடித்த கே.ஆர். ராஜகோபால் அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். தகைவைத் திரிபின் விளைவாக எழுதும் பழக்கத்தையே கேள்வி கேட்டு, இரண்டையும் ஒரே சமன்பாட்டுக்குள் பிணைத்து எழுதும் கோட்பாட்டை முன்வைத்தவர். மூன்றாவது சமன்பாட்டின் அடித்தளத்தையே தோண்டிப் பார்த்த அறிஞர்.

இன்னொருவர் சுப்ரா சுரேஷ். தமிழ்நாட்டில் பள்ளிப் படிப்பு, 1977இல் ஐஐடி மெட்ராஸில் பி.டெக்., 1981இல் எம்ஐடியில் முனைவர் பட்டம். திரும்பத் திரும்ப வரும் சுமையால் பொருள்களில் உண்டாகும் களைப்பு பற்றி அவர் எழுதிய நூல் உலகெங்கும் பாடநூலாகப் படிக்கப்படுகிறது. பின்னாளில் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு இயக்குநரானார். சிங்கப்பூரின் நன்யாங் பல்கலைக்கழகத் தலைவராகவும் இருந்தார். உலோக விரிசலில் தொடங்கிய அவரது ஆராய்ச்சி ரத்தச் சிவப்பணுவுக்கு வந்து சேர்ந்ததுதான் எனக்கு வியப்பு. சுமார் 8 மைக்ரோமீட்டர் அகலமுள்ள சிவப்பணு, தன் அகலத்தில் பாதிகூட இல்லாத நுண்நாளங்களுக்குள் உடலை நெளித்துக்கொண்டு நுழைந்தாக வேண்டும். மலேரியா ஒட்டுண்ணி உள்ளே புகுந்து வளரவளரச் சிவப்பணுவின் விறைப்பு கூடுகிறது. ஒளிக் கற்றையால் ஒற்றைச் சிவப்பணுவைப் பிடித்து இழுத்து, முற்றிய நிலையில் அது பத்து மடங்கு வரை விறைத்துப்போவதை அவருடைய குழு அளந்து காட்டியது. விறைத்த அணு நாளத்தை அடைக்கிறது. எஃகுத் தகட்டுக்கு எழுதிய அதே வகைச் சமன்பாடுகள் ஒரு நோயின் உடலியலைத் திறந்துகாட்டின.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி இந்தச் சமன்பாடுகளை எழுத மனிதர்கள் எதற்கு என்று மாணவர்கள் கேட்கிறார்கள். சோதனைத் தரவுகளிலிருந்து பொருள் மாடலைக் கற்றுக்கொள்ளும் முறைகள் வேகமாக வளர்ந்துவருவது உண்மைதான். ஆனால் டி ஹாவிலாண்டின் 16,000 சுற்றுத் தரவைக் கொடுத்திருந்தால் எந்த இயந்திரமும் காமெட் பத்திரம் என்றுதான் கற்றுக்கொண்டிருக்கும். அந்தத் துண்டுக்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்க, நிரந்தர வளைவு என்றால் என்ன என்று அறிந்த மனிதர் வேண்டும்.

அப்படிப்பட்ட மனிதர்கள் நமக்கு உடனடியாகத் தேவைப்படப்போகும் இடம் ஒன்று கண்முன்னே இருக்கிறது. 2023 ஜனவரியில் ஒன்றிய அரசு பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தி என்பது இலக்கு. தூத்துக்குடி துறைமுகமும் அதற்கான மையங்களில் ஒன்று. ஹைட்ரஜன் எஃகுக்குள் ஊடுருவி அதை நொறுங்கும் தன்மைக்குத் தள்ளும் என்று வில்லியம் ஜான்சன் 1875இலேயே எழுதிவிட்டார். 150 ஆண்டு ஆகியும், உள்ளே அணு அளவில் சரியாக என்ன நடக்கிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. பிணைப்பைத் தளர்த்துகிறது என்று ஒரு தரப்பும், டிஸ்லொகேஷன்களை ஓரிடத்தில் முடுக்கிவிடுகிறது என்று மறு தரப்பும் வாதாடுகின்றன. ஹைட்ரஜனைக் கொண்டுபோகும் குழாயில் அழுத்தம் தினமும் ஏறி இறங்கும்போது விரிசல் எவ்வளவு வேகமாக வளரும் என்பதை, ஹைட்ரஜனுக்குள்ளேயே வைத்து, நாம் பயன்படுத்தப்போகும் எஃகிலும் அதன் வெல்டிலும் அளக்க வேண்டும். காற்றில் அளந்த எண்ணும், வேறு நாட்டு எஃகில் அளந்த எண்ணும் இதற்கு உதவாது. அதற்கான சோதனைக்கூடங்களுக்கும், அந்தக் கூடங்களில் ஐந்து பத்து வருடம் பொறுமையாக உட்காரப்போகும் இளைஞர்களுக்கும் குழாய் பதிக்க ஒதுக்கும் பணத்திலிருந்தே ஒரு பங்கை இப்போதே ஒதுக்க வேண்டும்.